கண்ணாடிக்குள் அசைந்த கை

இலக்கியக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் பேச என்ன இருக்கிறது என்று என்னை அழைத்த நண்பரிடம் கேட்டேன். "நீங்க தினமும் பார்க்கிறதைச் சொல்லுங்க. அதுக்கும் ஒரு வரலாறு இருக்குமே" என்றார். இருக்கிறது. அதில் ஒரு பகுதி இந்தப் பிஸ்கட்டவேயிலேயே நடந்தது என்பதால்தான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு வார்டு. இருபது வருடங்களுக்கு முன், நர்சிங் டிப்ளமோ முடித்துத் தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் பொறுப்பில் ஒரு அம்மா இருந்தார். பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்தால் தொடமாட்டார். இடது கையால் சாப்பிட அவருக்கு அவ்வளவு கூச்சம். மருமகள் ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். ஒருநாள் என்னிடம், "சிஸ்டர், இது என் கை இல்ல. யாரோடதோ கூடவே படுத்திருக்கு" என்றார்.

நான் என்ன செய்தேன்? வலது கையை மடித்துத் துணிப்பட்டையில் தொங்கவிட்டேன். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துப் பழக்கினேன். ஒரு வாரத்தில் நன்றாகப் பழகிவிட்டார். கை என்ன ஆகும் என்று மகன் கேட்டபோது, ஆறு மாதத்துக்குள் வருவது வரும், அதற்குப் பிறகு அவ்வளவுதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அப்படியே சொன்னேன். வீட்டுக்குப் போகும் நாளில் குடும்பமே கைகூப்பி நன்றி சொன்னது. அந்த அம்மா இடது கையை மட்டும் நெஞ்சருகே கொண்டுபோனார்.

அன்று அவருடைய கையைப் பார்த்துக்கொண்டதாக நினைத்தேன். உண்மையில் அந்தக் கையை மறக்க அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. இன்று நான் சொல்லப்போவது, மருத்துவ உலகுக்கு அது எப்படிப் புரிந்தது என்ற கதை. கண்ணாடி சிகிச்சை, மெய்நிகர் சிகிச்சை என்று இன்று சொல்லப்படும் இரண்டும் அந்தக் கதைக்குள்தான் வருகின்றன.

பக்கவாதம் என்பது மூளையில் நடக்கும் விபத்து. ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடிக்கிறது. கையிலோ காலிலோ எந்தக் கோளாறும் இல்லை. எலும்பும் தசையும் நரம்பும் அப்படியே இருக்கின்றன. கைக்குக் கட்டளை அனுப்பிய மூளைப் பகுதிதான் சேதமாகிவிட்டது. அந்தப் பகுதி போனால் போனதுதான் என்று வெகுகாலம் நம்பினார்கள். நரம்பியலின் தந்தை என்று போற்றப்படும் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால், வளர்ந்த மனிதரின் நரம்புப் பாதைகள் நிலைத்துவிட்டவை, அங்கே எதுவும் அழியலாம், எதுவும் மறுபடி முளைக்காது என்ற பொருளில் எழுதினார். எதிர்கால அறிவியல் இந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றும் அதோடு சேர்த்தே சொன்னார். முதல் பாதிதான் பாடமாகப் பரவியது. நான் அந்த மகனிடம் சொன்ன 'அவ்வளவுதான்' அந்தப் பாதியிலிருந்து வந்தது.

இரண்டாவது பாதிக்கான வேலை, பக்கவாதத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் தொடங்கியது. இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஃபிலடெல்பியாவில். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த படைவீரர்கள் அங்கே டர்னர்ஸ் லேன் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல். வெட்டி எடுக்கப்பட்ட கை இன்னும் இருக்கிறது, அரிக்கிறது, வலிக்கிறது என்று வீரர்கள் சொன்னார்கள். மிட்செல் இதை முதலில் மருத்துவக் கட்டுரையாக எழுதவில்லை. 1866இல் அட்லாண்டிக் மாத இதழில் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக எழுதினார். நான்கு கைகால்களும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்ற கற்பனை மனிதனின் கதை. வாசகர்கள் அதை உண்மை என்று நம்பி அந்த ஆளுக்காக நன்கொடை திரட்டினார்கள். 1871இல் மிட்செல் அந்த அனுபவத்துக்குப் பெயர் வைத்தார். பேய் உறுப்பு என்று நாம் சொல்லலாம். இல்லாத கையை மூளை இருப்பதாக நினைக்கிறது. என் வார்டில் இருந்த அம்மாவுக்கு நேர் எதிராக நடந்தது. இருந்த கையை அவருடைய மூளை இல்லை என்றது. இரண்டும் ஒரே கேள்விதான். மூளைக்குள் இருக்கும் கை எது? அதை மாற்ற முடியுமா?

அடுத்த திருப்பம் நூறு வருடம் கழித்து, வருத்தமான ஒரு இடத்தில். மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் 17 குரங்குகளை வைத்திருந்தார். கையிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேர்களைத் துண்டித்தால், குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடும். ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்தால், வேறு வழியில்லாமல் அந்த உணர்வற்ற கையாலேயே உணவை எடுக்கும். அதாவது கைக்குத் திறன் இருந்தது. ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்றதால், முயல வேண்டாம் என்று மூளை கற்றுக்கொண்டிருந்தது. டாப் இதைக் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்றார். இந்தச் சொல்லை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தத் துணிப்பட்டை நினைவுக்கு வந்தது.

1981இல் விலங்குரிமைப் போராளி ஒருவர் அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலையைப் படம் எடுத்து வெளியிட்டார். போலீஸ் உள்ளே புகுந்தது. டாப் மீது வழக்கு வந்தது. கீழ்க்கோர்ட்டில் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை, ஆனாலும் பல வருடங்கள் அவரால் ஆய்வு செய்ய முடியவில்லை. அமெரிக்காவின் விலங்குரிமை இயக்கம் வளர்ந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் குரங்குகளின் துன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்று பக்கவாத நோயாளிக்கு நாம் செய்யும் பல காரியங்கள் அவற்றுக்குக் கடன்பட்டவை.

அந்தக் கடனில் முதலாவது, நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையை வேலை செய்ய வைக்கும் சிகிச்சை. 2006இல் 222 நோயாளிகளை வைத்து நடந்த எக்ஸைட் என்ற பெரிய ஆய்வு, பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களுக்கு இது பயன் தருகிறது என்று காட்டியது. கையில் ஓரளவு அசைவு மிச்சம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டாவது கடன் நம் ஊர்க்காரர் ஒருவர் வழியாக வந்தது. 1991இல் டிம் பான்ஸ் என்பவரும் அவருடன் டாப் உட்பட வேறு சிலரும் சில்வர் ஸ்பிரிங் குரங்குகள் சிலவற்றின் மூளையைச் சோதித்தார்கள். கையிலிருந்து பன்னிரண்டு வருடமாகச் செய்தியே வராத மூளைப் பகுதி சும்மா கிடக்கவில்லை. குரங்கின் முகத்தைத் தொட்டால் அந்தப் பகுதி விழித்துக்கொண்டது. மூளையின் வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கை வீடு காலியானதும் முகம் அங்கே குடியேறியிருக்கிறது. மாறாது என்ற மூளை மாறியிருந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இருந்த விளையனூர் எஸ். ராமச்சந்திரன். தமிழ்நாட்டில் 1951இல் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வு. நம் அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். குரங்கு தன் கையில் என்ன உணர்கிறது என்று சொல்லாது, மனிதன் சொல்வானே என்று அவருக்குத் தோன்றியது. விபத்தில் கையை இழந்த 17 வயதுப் பையன் ஒருவனை உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது என்றான் பையன். உதட்டுக்கு மேலே தொட்டால் இல்லாத ஆள்காட்டி விரல். செலவு ஒரு பஞ்சுக் குச்சி.

பேய்க் கை உள்ளவர்களில் பலருக்கு அது வலியோடு இறுகிப்போயிருக்கும். முஷ்டி மடங்கி, நகம் உள்ளங்கையில் பதிவதுபோல் இருக்கும், விரிக்க முடியாது. ராமச்சந்திரன் இப்படி யோசித்தார்: மூளை "அசை" என்று கட்டளை அனுப்புகிறது. அசையவில்லை என்று கண் திருப்பிச் சொல்கிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் மூளை செயலின்மையைக் கற்றுக்கொள்ளும். அப்படியானால், அசைந்தது என்று கண்ணுக்குக் காட்டினால் என்ன?

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அவருக்கு முதலில் தோன்றிய வழி மெய்நிகர் உலகம்தான். கணினியில் ஒரு கையை உருவாக்கி, அதை நோயாளியின் கண்முன் அசையவைப்பது. 1968இலேயே ஐவன் சதர்லாந்து தலையில் மாட்டும் திரையைச் செய்துவிட்டார். 1980களின் இறுதியில் ஜாரோன் லேனியரின் கம்பெனி கண்ணாடியும் கையுறையும் விற்றது. ஆனால் அப்படி ஒரு அமைப்புக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஆகும், ஆய்வுக்கு இருந்த பணம் முழுவதும் அதிலேயே போய்விடும் என்று தன் புத்தகத்தில் எழுதுகிறார். அதனால் சாதாரணக் கடையில் ஒரு கண்ணாடியை வாங்கினார். மூடி இல்லாத ஒரு அட்டைப்பெட்டி. நடுவில் செங்குத்தாக நிற்கும் கண்ணாடி. முன்பக்கம் இரண்டு ஓட்டை. ஒன்றில் நல்ல கை, இன்னொன்றில் இல்லாத கை. நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தெரியும்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் கையின் நரம்புகள் அறுந்து, பிறகு கையே எடுக்கப்பட்ட ஒருவர், பத்து வருடமாக அசையாத தன் பேய்க் கையை அந்தக் கண்ணாடிக்குள் அசையக் கண்டார். கையைத் திரும்பப் பெற்றதுபோல் சந்தோஷப்பட்டார். கண்ணை மூடியதும் அது மறுபடி உறைந்துபோனது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி செய்தார். சில வாரங்களில் பேய்க் கையே பெரும்பாலும் மறைந்துவிட்டது, விரல்கள் மட்டும் தோளருகே மிஞ்சின. அந்தப் பெட்டி 1995, 1996 ஆண்டுகளில் அறிவியல் இதழ்களில் வெளிவந்தது. இன்று கண்ணாடி சிகிச்சை என்று சொல்லப்படுவதன் தொடக்கம் இதுதான்.

பேய்க் கையிலிருந்து பக்கவாதக் கைக்கு ஒரே ஓர் எட்டு. 1999இல் எரிக் ஆல்ட்சூலரும் ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் லான்செட் இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து குறைந்தது ஆறு மாதம் ஆன ஒன்பது பேர். நான்கு வாரம் கண்ணாடியோடு, நான்கு வாரம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டோடு பயிற்சி. இரண்டு கைகளையும் சேர்த்து அசைக்க முயல வேண்டும், கண் மட்டும் தகட்டின்மேல். கண்ணாடி வைத்தபோது கை கூடுதலாக அசைந்தது. ஒன்பது பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் என் 'ஆறு மாதம்' அந்தக் கட்டுரையில் ஆட்டம் கண்டது. நான் வார்டில் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்குச் சில வருடங்கள் முன்பே அது வெளிவந்திருந்தது. என் வார்டு வரை வந்து சேரவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் புஷ் வளாகம் இருக்கிறது. உங்களில் பலர் அங்கே படித்திருப்பீர்கள், அல்லது பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறீர்கள். அங்கே கிரிகோரே புர்டேயா என்ற பேராசிரியர் 1990களில் ஒரு கையுறையைச் செய்துகொண்டிருந்தார். ருமேனியாவிலிருந்து வந்தவர். அந்தக் கையுறையின் பெயர் ரட்கர்ஸ் மாஸ்டர். உள்ளங்கையில் காற்றழுத்தத்தால் இயங்கும் சின்னச் சின்ன உந்துதண்டுகள் இருக்கும், அவை விரல்நுனிகளை எதிர்த்துத் தள்ளும். திரையில் தெரியும் ஒரு பந்தைப் பிடித்தால், கைக்குப் பந்து தட்டுப்படும்.

அந்தக் கையுறையைப் பக்கவாத நோயாளிக்கு மாட்டலாம் என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் ஆல்மா மேரியன்ஸ், நெவார்க்கில் பிசியோதெரபி கற்பித்தவர். பொறியாளர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்து செய்த வேலை 2001, 2002இல் வெளிவந்தது. தலையில் மாட்டும் ஹெட்செட் எல்லாம் இல்லை, மேசைமேல் ஒரு கணினித் திரைதான். பயிற்சிகள் விளையாட்டுபோல இருந்தன. விரலை மடக்கி நீட்டினால் கார் கண்ணாடியின் வைப்பர்போல ஒன்று நகர்ந்து, மறைந்திருக்கும் படத்தைத் துடைத்துக் காட்டும். ஒரு விரலை மட்டும் தனியாக மடக்கினால் பியானோவின் ஒரு கட்டை அமுங்கும், மற்ற விரல்களும் கூடவே வந்தால் தவறு. உந்துதண்டுகளை அழுத்தினால் வலுவுக்குப் பயிற்சி. ஒவ்வொருவரும் நேற்று செய்த அளவை வைத்துக் கணினி இன்றைய இலக்கை நிர்ணயிக்கும்.

2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் மூன்று நோயாளிகள். மூவருக்கும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. மாதங்கள் அல்ல, வருடங்கள். இரண்டு வாரம், நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நிஜப் பொருட்களோடும் திரையோடும் பயிற்சி செய்தார்கள். மூவருக்கும் ஒரே அளவில் பலன் இல்லை, ஆனால் பெரும்பாலான அளவீடுகளில் முன்னேற்றம் இருந்தது.

இதன் தொடர்ச்சியில் ஒரு அழகான சந்திப்பு நடந்தது. நெவார்க்கில் செர்கெய் அடமோவிச், யூஜின் டூனிக் போன்றவர்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நோயாளியைப் படுக்கவைத்து, நல்ல கைக்குக் கையுறை மாட்டினார்கள். நல்ல கை அசையும்போது திரையில் எதிர்க் கை அசைந்தது. அதைப் பார்க்கையில், மூளையின் பாதிக்கப்பட்ட பக்கத்தில் இயக்கத்துக்கான பகுதிகள் வேலை செய்வதை எம்.ஆர்.ஐ. காட்டியது. ராமச்சந்திரன் பணமில்லாமல் கைவிட்ட எண்ணம், கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு நியூ ஜெர்சியில் திரும்பி வந்திருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1990களில் இத்தாலியின் பார்மாவில் கண்டுபிடிக்கப்பட்ட 'கண்ணாடி நியூரான்கள்' வேறு, கண்ணாடி சிகிச்சை வேறு. பிறர் செய்வதைப் பார்க்கும்போது நம் மூளையிலும் விழிக்கும் செல்கள் அவை. இந்தச் சிகிச்சை வேலை செய்வதற்கு அவைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் முடிவாகவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே பயன் தருகிறதா? கையில் கிடைத்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2018இல் கண்ணாடி சிகிச்சை பற்றி 62 ஆய்வுகளை, 1982 நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்யும்போது கை அசைவும் அன்றாட வேலைகளும் மேம்படுகின்றன என்றது. அற்புதம் என்று சொல்லவில்லை, பயன் உண்டு என்றது. 2017இல் மெய்நிகர் சிகிச்சை பற்றி 72 ஆய்வுகளை, 2470 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுத்தால் கைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சைக்கு மேலே இதையும் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தை அதிகமாக்கினால் பலன் தெரிகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2016இல் வந்தது. டொரான்டோவின் குஸ்தாவோ சபோஸ்னிக் நடத்தியது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து என்று நான்கு நாடுகளில் 141 நோயாளிகள். பாதிப் பேருக்கு நின்டெண்டோ வீ விளையாட்டு. மீதிப் பேருக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? சீட்டுக்கட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் ஜெங்கா. அதே அளவு நேரம். இரண்டு குழுவினரும் முன்னேறினார்கள், இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழி ஆடிய பாட்டிகளை நான் நினைத்துக்கொண்டேன். சோழியை அள்ளுவது, ஒவ்வொன்றாகப் போடுவது, மறுபடி அள்ளுவது. விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் ரகசியம் எங்கே இருக்கிறது? ஒரு எண்ணில் இருக்கிறது. 2009இல் கேத்தரின் லாங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளுக்கு நேரில் போய், நோயாளி கையை எத்தனை முறை அசைக்கிறார் என்று எண்ணினார்கள். கையால் ஒரு காரியத்தைச் செய்யும் பயிற்சி, ஒரு அமர்வில் சராசரியாக 32 முறை. விலங்குகளின் மூளை மாறிய சோதனைகளில் நாளுக்கு நானூறு, அறுநூறு முறை. குழந்தை நடக்கப் பழகும்போது எத்தனை முறை விழுந்து எழுகிறது? நாம் பெரியவருக்கு முப்பத்திரண்டு முறை கொடுத்துவிட்டுக் கை வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியும் கணினி விளையாட்டும் சீட்டுக்கட்டும் இந்த எண்ணைக் கூட்டும் வழிகள். அசையாத கையை முந்நூறு முறை அசைக்க முயல்வது மனிதரால் தாங்கக்கூடிய வேலையே அல்ல. ஒவ்வொரு முறையும் தோல்வி கண்முன் தெரியும். கண்ணாடி அந்தத் தோல்வியைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. விளையாட்டு அதைப் புள்ளிக்கணக்காக மாற்றுகிறது. இரண்டும் செய்வது, நோயாளியை அடுத்த முறையும் முயல வைப்பதுதான்.

இதைத் தமிழ்நாடு வேறு ஒரு வழியில் முன்பே அறிந்திருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைப்பார். அறுவை முடிந்ததும் கை தானாக வேலை செய்யாது. வேறு வேலைக்குப் பழகிய தசைக்குப் புது வேலையைச் சொல்லித்தர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி. அவருடைய மாணவி டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அதே சி.எம்.சி.யின் பொறியாளர்களும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து புளூட்டோ என்ற சிறிய கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். மேசைமேல் வைத்து, கையால் திருப்பியும் பிடித்தும் திரையில் விளையாடலாம். குறைந்த செலவில் வீடு வரை கொண்டுபோகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். புஷ் வளாகத்துக் கையுறையின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. கருவி வேண்டாம், குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று நம்மில் பலருக்குத் தோன்றும். இந்தியாவில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பது. 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரை நம்பி வாழ்பவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், மற்ற குடும்பங்களிலும் 47 சதவீதம். அன்பு மட்டும் போதவில்லை. தேர்ந்த பிசியோதெரபிஸ்டின் கண்ணும் கையும் வேண்டியிருக்கிறது. அந்த 47ஐப் படித்த அன்று எனக்கு மனசு கனத்தது.

இது ஏன் நம் விஷயம்? இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேரின் பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். அப்பாவுக்கு வாதம் அடித்துவிட்டது. ரெண்டு வார லீவில் ஓடுவோம். திரும்பி வந்ததும் குற்ற உணர்ச்சியில் எதையாவது வாங்கி அனுப்புவோம். ஹெட்செட் அனுப்பலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அனுப்புங்கள், தவறில்லை. தலைசுற்றல், வலிப்பு, பார்வைக் குறை இருக்கிறதா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஆனால் அதே பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் எத்தனை நாள் வீட்டுக்கு வருவார் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கண்ணாடி உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். நல்ல கையின் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, மேசையில் இரண்டு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையைப் பின்னால் மறைத்து, பிம்பத்தை மட்டும் பார்த்தபடி இரண்டு கைகளையும் அசைக்க முயல வேண்டும். எப்படி, எவ்வளவு நேரம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். உங்களால் முடிந்தது, தினமும் வீடியோ காலில் உட்கார்ந்து எண்ணுவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முந்நூறு வரை. அந்த நேரத்தில் அப்பாவும் நீங்களும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள்.

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் சூம்பின கையுடைய மனிதனின் கதையைக் கேட்டிருக்கிறேன். அது வலது கை என்று லூக்கா மட்டும் குறிப்பிடுகிறார். லூக்கா வைத்தியர் என்பார்கள். இயேசு அந்தக் கையைத் தொட்டதாகக் கதையில் இல்லை. அதை நீட்டும்படி அந்த மனிதனிடம் சொல்கிறார். நீட்ட முடியாத கையை நீட்டச் சொல்வது கொடுமை இல்லையா என்று அப்போது நினைத்ததுண்டு. இப்போது நான் தினமும் அதையேதான் நோயாளிகளிடம் கேட்கிறேன். எல்லோருக்கும் கை வருவதில்லை. பாதிப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. வராதவர்களிடம் அது அவர்களுடைய முயற்சிக் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நாங்களும் சொல்லக் கூடாது.

என் வார்டில் இருந்த அந்த அம்மாவுக்குக் கை வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஆனால் இன்று அவர் என் முன்னால் இருந்தால் ஸ்பூனை முதலில் வலது கையில் வைப்பேன். என் கையால் அவருடைய விரல்களை மூடி, தட்டு வரை கொண்டுபோவேன். மதியம் கண்ணாடி. சாயங்காலம் மருமகளைக் கூப்பிட்டு ஒரு பல்லாங்குழிப் பலகை. ஆறு மாதம் என்ற வார்த்தையை அந்த மகனிடம் சொல்லமாட்டேன்.